எட்டாவது குமிழ்

மைக்கக்கா ஈக்வலைசரின் ஐந்தாவது குமிழைக் கீழே இறக்கிய மதியம், கிரஷர் தெரு நாய்களுக்கெல்லாம் குரைப்பு நின்றுபோயிற்று. வாயைத் திறந்தன, பல்லைக் காட்டின, கழுத்து நரம்பு புடைக்கத் தபால்காரரை விரட்டின. சத்தம் மட்டும் வரவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்தார். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. நாய்களுக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, மிச்சத் தபாலைக் கொடுக்கப் போனார். அதே நேரத்தில் குழாயடியில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு லாரிக்காரர்களுக்கும் குரல் போயிற்று. தான் திட்டுவது தனக்கே கேட்காத சண்டையில் என்ன ருசி இருக்கிறது? கொஞ்ச நேரம் வாயை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு, சட்டையை விட்டு, அவரவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

மைக்கக்காவுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழில். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிபயர், நாலு மைக், ஒரு தள்ளுவண்டி. கூட்டமோ கல்யாணமோ பள்ளிக்கூட விழாவோ, கூப்பிட்டால் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவளுக்குச் சொந்தக் குரல் ஊசி நுனி அளவுதான். அவள் மைக்கில் "செக், செக்" என்று சொல்லும்போது மட்டும்தான் தெருவில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டிருக்கிறார்கள். கனத்த சத்தம், மெல்லிய சத்தம் என்று பிரித்துத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற அந்த ஈக்வலைசரைப் பழைய சாமான் கடையில் ஒரு கிழிந்த ஸ்பீக்கரைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தகர டப்பா போன்ற உடம்பு, முகத்தில் வரிசையாகப் பத்துக் குமிழ்கள், ஒவ்வொன்றும் மேலும் கீழும் நகர்கிற மாதிரி. எட்டாவது குமிழுக்குத் தொப்பி இல்லை. யாரோ பற்பசைக் குழாயின் மூடியை மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் மொத்தச் சத்தத்துக்கு என்று தனியாக ஒரு குமிழ். அந்த மதியம் ஈக்வலைசரை இன்னும் ஆம்ப்ளிபயரோடு சேர்க்கக்கூட இல்லை. கரண்ட் மட்டும் கொடுத்து, குமிழ்கள் துரு இல்லாமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் இல்லாத ஈக்வலைசர் தெருவையே ஸ்பீக்கராக வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். குழாயடியிலிருந்து கிரஷர் கேட் வரை அதன் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் ஓர் அடிகூட அது தலையிடவில்லை.

அவளுக்கு ஆச்சரியப்பட நேரம் இல்லை. வாசல் பக்கத்தில் அவளுடைய பை கட்டி வைத்திருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழா ஒன்றுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அது முடிந்த மறுநாள் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று இருந்தாள். திரும்பி வருவதாக உத்தேசம் இல்லை. காரணம் அவள் புருஷன். அவன் கல் உடைக்கிற கிரஷரின் வாயில் நிற்கிறவன். லாரி கொட்டுகிற பாறைகளைக் கடப்பாரையால் நெம்பி மிஷின் வாய்க்குள் தள்ளுகிற வேலை. அதனால் பெயரே வாய்க்காரன். நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பான். ஆனால் பெட்டி தூக்கித் தூக்கி அவள் தோள் இறங்கிவிட்டது. கிரஷரை விட்டுவிட்டு என்னோடு வா, சேர்ந்து செய்யலாம் என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். சொன்னபோதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிரஷருக்குத்தான் போனான். ஒரு நாள் மனம் வெறுத்து, இனியும் போனால் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னாள். அதற்கும் தலையாட்டினான். சந்தோஷமாக வேறு ஆட்டினான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசாததைக்கூட அவன் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

ஈக்வலைசர் விஷயம் எதிர்வீட்டுத் தையல்காரிக்குத் தெரிந்த பிறகு தெருவுக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு குமிழும் எந்தச் சத்தத்துக்குச் சொந்தம் என்று பெண்கள் வாசலில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். முதல் குமிழில் கிரஷரும் லாரியும் இடியும் இருந்தன. இரண்டாவதில் மாடியில் நடக்கிற காலடி, கதவில் இடிக்கிற முஷ்டி. மூன்றாவதில் குறட்டை. நாலாவதில் ஆண்களின் பேச்சும் அதட்டலும். ஐந்தாவதில் நாய்களும் சண்டைகளும். ஆறிலும் ஏழிலும் குழந்தைகளின் அழுகை, பாத்திரம் விழுகிற சத்தம், பெண்கள் பேச்சின் உடம்புப் பகுதி. எட்டாவதில் அந்தப் பேச்சின் ஓரங்கள் இருந்தன. வார்த்தை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிற கூர்மையெல்லாம் அதில். ஒன்பதாவதில் கொசு, சாவிக்கொத்து, கத்தரிக்கோல். பத்தாவதை ஏற்றினால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வௌவால்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு வாரம் தெருவே கும்மாளமாக இருந்தது. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் முதல் இரண்டு குமிழையும் இறக்கச் சொல்லி ஆள் வந்தது. அதட்டுகிற மாமனார் வீட்டுக்கு வருகிற அன்று நாலாவதை இறக்கினார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுச் சாதுவாகத் திரும்பிப் போனார்.

"அக்கா, எங்க வீட்டு மனுஷனை மட்டும் தனியா இறக்க முடியாதா?" என்று தையல்காரி கேட்டாள்.

"தனி ஆளுக்கெல்லாம் குமிழ் கிடையாது. இறக்கினா மொத்தமாத்தான் இறங்கும்."

"அப்ப மொத்தமாவே இறக்கேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

தையல்காரியின் மனுஷன் கிரஷர் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம், ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறி, இருட்டுகிற வரை மிஷின் ஓடும். அந்த மிஷின் சத்தத்துக்குள்ளேதான் அந்தத் தெருவில் பேசுவார்கள், சமைப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். ஆண்கள் எதற்கும் வாய்விட்டுப் பதில் சொல்லாமல் தலையாட்டுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டது இல்லை. மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது, ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அசதியில் தூங்குவார்கள். எழுப்பிச் சொன்னால் அப்போதும் தலையாட்டுவார்கள். அசதி என்று அதையும் விட்டுவிடுவார்கள்.

அடுத்து வந்த புதன்கிழமை, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சற்று முன்னால், மைக்கக்கா முதல் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கினாள். கிரஷர் ஓடியது, கல் உடைந்தது, தூசி எழும்பியது, ஜல்லி கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் குவியலில் விழுந்தது. சத்தம் கேட்டைத் தாண்டி வரவில்லை. கேட்டில் ஒரு காலை உள்ளே வைத்தால் காது கிழிந்தது. அதே காலை வெளியே எடுத்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. சின்னப் பிள்ளைகள் தலையை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் விளையாடின. ஷிப்ட் முடிந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். புருவத்தில் சாம்பல் நிறத் தூசியோடு, தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு, எப்போதும் போல வந்தார்கள். ஒருத்தன்கூட நிமிர்ந்து, சத்தம் எங்கே என்று கேட்கவில்லை. வாசல்களில் நின்ற பெண்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ உறைத்தது.

தையல்காரிதான் முதலில் சோதித்துப் பார்த்தாள். மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓர் எறும்பு ஊர்ந்தால் கேட்கிற அமைதி. இவள் சாதாரணக் குரலில், "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றாள். மேஸ்திரி அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். "உங்க அம்மாவைக் குப்பை லாரியில ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள். அதற்கும் ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனிடம், ராத்திரிக்கு ஜல்லியைத்தான் வேகவைத்திருக்கிறேன், ரெண்டு தட்டு சாப்பிடுவியா என்று கேட்டாள். அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு ஆட்டினான். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் பெண்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல, ஆண்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள். சிரித்துச் சிரித்துப் பெண்களுக்கு விலா வலித்தது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள்.

விஷயம் இவ்வளவுதான். கிரஷர் பக்கத்தில் சில வருஷம் நின்றால் காதின் கூர்மை போய்விடும். எட்டாவது குமிழில் இருக்கிறதெல்லாம் போய்விடும். மிஷின் நின்றாலும் அதன் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு கேட்கும், ஆனால் ஈரச் சாக்கில் சுற்றின மாதிரி கேட்கும். காது போனவனை மிஷின் பக்கம் விட மாட்டார்கள்; முற்றம் கூட்ட அனுப்பிவிடுவார்கள். கூட்டுகிறவனுக்கு அரைச் சம்பளம், கூடவே கேலி. அதனால் காது போனதை எவனும் எவனிடமும் சொல்வது இல்லை. பெண்டாட்டியிடம் சொன்னால் குழாயடிக்குப் போகும், குழாயடிக்குப் போனால் கேட்டுக்குள் வரும் என்று அவளிடமும் சொல்வது இல்லை. யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்ட வேண்டியது. புதிதாகச் சேர்கிறவன் மண்வெட்டி பிடிக்கக் கற்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்வான். யாரும் கற்றுக்கொடுப்பது இல்லை.

மைக்கக்கா தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஏமாற்றுகிறான், வாயில் சொல்லாமல் தலையால் பொய் சொல்கிறான் என்று நினைத்து எத்தனை மாதம் பல்லைக் கடித்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்து, ஏதோ நல்லதுதான் சொல்கிறாள் என்று ஆட்டியிருக்கிறான். வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னதற்குச் சிரித்தானே, அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கோபம் போனது. வேறொரு கோபம் வந்தது. காது கேட்கவில்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன, கிரீடமா இறங்கிவிடும்?

மறுநாள் அவர்கள் திரும்புகிற நேரத்தில் எட்டாவது குமிழைப் பற்பசை மூடி இடிக்கிற வரை மேலே தள்ளினாள். மைக் தொழிலில் முதல் வாரம் வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு அது; ஆத்திரத்தில் அவளும் செய்தாள். தெரு ஊளையிட ஆரம்பித்தது. மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வருமே, அந்த ஊளை. இங்கே மைக்கும் தெருதான், ஸ்பீக்கரும் தெருதான். தகரக் கூரைகள் கிடுகிடுத்தன. அலமாரிகளில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று தேடிப்போய் இடித்துக்கொண்டன. தையல்காரியின் ஊசிப்பெட்டியிலிருந்த ஊசிகள் எல்லாம் எழுந்து நின்றன. ஆண்கள் தூக்குச்சட்டியைக் கீழே போட்டுக் காதைப் பொத்தினார்கள். காதுக்குள் எதுவோ வந்திருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்தது.

"யக்கோவ், கூரை பறக்குது! இறக்கு!" என்று தையல்காரி கத்தினாள்.

"அதைத்தான் இறக்கப்போறேன்," என்றாள் மைக்கக்கா. ஆனால் எட்டாவதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததோடு நிறுத்தவில்லை. கையில் தொழில் இருந்தது. ஒன்று கேட்கவில்லை என்றால் அதை ஏற்றுகிறவன் புதியவன். மற்றதை இறக்குகிறவன்தான் தொழில்காரன். முதல் குமிழிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடிவரைக்கும் இறக்கினாள். கிரஷர் போயிற்று. காலடி போயிற்று. அதட்டல், நாய், அழுகை, பாத்திரம், சாவி, வௌவால் எல்லாம் போயிற்று. கூரை அமைதியானது, ஊளைக்குத் தீனி போட்ட சத்தங்கள் இல்லாமல் அது படுத்துவிட்டது. எட்டாவது மட்டும் நடுக்கோட்டில் தனியாக நின்றது. பிறகு ஓரத்துக் குமிழைப் பிடித்து, மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள், பால் பொங்குமோ என்று பார்க்கிற மாதிரி.

தெருவில் பெண்களின் பேச்சு மட்டும் மிச்சம் இருந்தது. அதிலும் ஓரங்கள் மட்டும்தான். மெலிசாக, சின்ன ரேடியோவில் வருகிற மாதிரி, ஆனால் நறுக்கென்று. ஆண்களின் குரல் அடியோடு காணாமல் போயிருந்தது. வாய்க்காரன் வாசற்படியில் வந்து நின்று ஏதோ கேட்கப் பார்த்தான். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மிரண்டுபோய்த் தொண்டையைத் தடவினான்.

"யோவ். கேக்குதா?" என்றாள்.

தலையாட்டினான். பழக்க தோஷம்; அதை அவள் நம்பவில்லை.

"உன் சட்டையில தீப்பிடிச்சிருக்கு."

வாய்க்காரன் துள்ளிக் குதித்தான். முதுகைத் தட்டினான், தோளைத் தட்டினான், சட்டையைத் தலைக்கு மேலே கழற்றி உதறிக் கீழே போட்டு மிதித்தான். மிதித்துக்கொண்டிருக்கும்போதே நின்றான். சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் குரல் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் ஒரு காலத்தில் மைக் செட் இருக்கிற இடமெல்லாம் போய் முன்வரிசையில் நின்றிருக்கிறான். தூசி அப்பிய முகத்தில் இரண்டு ஓடை இறங்கியது.

"இத்தனை நாள் நான் பேசினது ஏதாவது காதுல விழுந்துச்சா?"

வாய்க்காரன் தலையை இடமும் வலமும் அசைத்தான். அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை, இல்லை என்று தலையசைத்து யாரும் பார்த்தது இல்லை.

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேனே, அது?"

இல்லை.

"கிரஷரை விட்டுட்டு என்கூட வான்னேனே, அதுவும்?"

இல்லை. இப்போது வேகமாக அசைத்தான். அப்போதுதான் வாசல் பக்கத்துப் பையைப் பார்த்தான். இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறான். மைக் வயர் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தான். பையைப் பிரித்தான். அவளுடைய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பெல்லாம் கோணலும் மாணலுமாக, அலமாரியில் திருப்பி அடுக்கினான். கடைசியில் பையையும் மடித்து எட்டாத உயரத்தில் பரண்மேல் செருகினான். நாளையிலிருந்து வருவாயா என்று அவள் கேட்டாள். தலையாட்டினால் நம்ப மாட்டாள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. மூலையில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கினான், அவள் தோளை இறக்கிய அதே பெட்டியை. வெளியே கொண்டுபோய்த் தள்ளுவண்டியில் வைத்தான். கயிறு போட்டுக் கட்டினான். விளையாட்டு விழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் மேஸ்திரி இடமும் வலமுமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்து வீட்டிலும் அதே கதை. பெண்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டார்கள். அம்மாவின் கண் ஆபரேஷன், பெண்ணுக்கு வந்த நல்ல வரன், ஒழுகுகிற கூரை, ஒரு நாள் சொல்லி வெட்கப்பட்டுப் பிறகு சொல்லாமலே விட்டுவிட்ட பிரியம். பதில் சொல்லக் குரல் இல்லாத ஆண்களுக்கு அன்றைக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அடுப்புகள் தாமதமாகத்தான் எரிந்தன. தையல்காரி ஒருமணி நேரம் பேசிவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக ஒருநாள்கூடப் பேசியது இல்லை என்று தெருவுக்கே அறிவித்தாள். மேஸ்திரி அதற்கு ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் அசைக்கவில்லை. அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டார்.

கேட்டுக்குள் மறுநாள் காலையில் ஒரு விவகாரம் நடந்தது. காது போனவர்கள் முற்றம் கூட்டப் போக வேண்டும் என்பது சட்டம். மேஸ்திரிதான் ஆளைப் பிரித்து அனுப்ப வேண்டியவர். அவர் முதல் ஆளாகப் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். துடைப்பம் பற்றவில்லை. முற்றம் கண்ணாடி மாதிரி ஆயிற்று, மிஷின் பட்டினியாகக் கிடந்தது. மத்தியானத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார். கூட்டுகிறவனுக்கும் நெம்புகிறவனுக்கும் ஒரே சம்பளம் என்றார், எல்லோருக்கும் காதுமூடி என்றார், மிஷின் வாயில் ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்த மாட்டேன் என்றார். ஆண்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். யாரும் தலையாட்டவில்லை. "இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க முதலாளி," என்றார் மேஸ்திரி. முதலாளி மூன்று தரம் சொன்னார், மூன்றாவது தரம் தொண்டை கட்டிக்கொண்டது.

வாய்க்காரன் அதற்குப் பிறகு கிரஷருக்குப் போகவில்லை. மைக் செட் தொழிலுக்குக் கேட்காத காது உதவுமா என்று சிலர் சிரித்தார்கள். அடிச் சத்தத்தை அவன் நெஞ்செலும்பால் பார்த்தான். ஸ்பீக்கர் முன்னால் நின்று, மார்பில் கையை வைத்து, முதல் மூன்று குமிழ்களும் எங்கே நிற்க வேண்டும் என்று விரலால் காட்டுவான். மேலே இருக்கிற குமிழ்கள் அவள் பொறுப்பு. அவர்கள் வைத்த சத்தத்தில் தலைவலி வருவது இல்லை என்று பக்கத்து ஊர்களிலும் பேர் ஆயிற்று. ஒரே ஒரு சங்கடம், இருவருக்கும் நடுவில் சண்டை வந்தால் குமிழ்களும் இரண்டு கட்சியாகிவிடும். அன்றைய விழாவில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது அப்படி ஆயிற்று. சண்டை போட முடிகிறதே என்று மைக்கக்காவுக்கு அதிலும் பெருமைதான். வாடகைக்குப் போகிற ஈக்வலைசர் வேறு, புதிதாக வாங்கியது. பழையது அவள் ஜன்னலிலேயே இருந்தது; சாயங்காலம் ஒருமணி நேரம் எட்டாவது குமிழை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் இறக்கி வைப்பது தெருவின் பொது வேலைகளில் ஒன்றாயிற்று. அவள் வெளியூர் போகிற நாளில் தையல்காரி வந்து இறக்குவாள்.

நாலைந்து வருஷம் கழித்து, மாடி வீடு ஒன்று காலியாகி, அதைப் பார்க்கப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அறைகளைப் பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து மூடினார்கள், கழிவறையில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் ஆகியிருந்தது. வாடகையைக் குறைக்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரியிடம் பேசிக்கொண்டிருந்த புருஷனுக்குப் பேச்சின் நடுவில் குரல் நின்றுபோயிற்று. அவன் வாயைத் திறந்தான், மூடினான், சுவரைப் பிடித்துக்கொண்டான். பெண்டாட்டி பதறிப்போய், இவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். வீட்டுக்காரி சாவிக்கொத்தைக் குலுக்கினாள். அதிலிருந்தும் சத்தம் வரவில்லை.

"ஒண்ணும் ஆகல. இந்தத் தெருவுல தண்ணி காலையில வரும், பொம்பளைங்க பேச்சு சாயங்காலம் வரும்," என்றாள் வீட்டுக்காரி. "வாடகையை நீயே பேசும்மா. ஒருமணி நேரம் இருக்கு."